உடைந்த நகையும் ஒரு தட்டானும்

எந்த வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தாலும் அங்கே ஒரு பழைய டப்பா இருக்கும். அது பிஸ்கட் டப்பாவாக இருக்கலாம். பவுடர் டப்பாவாக இருக்கலாம். யாரோ ஊருக்குப் போய்வந்தபோது இனிப்பு வாங்கிவந்த தகர டப்பாவாகவும் இருக்கலாம். அதற்குள் இருப்பவை என்னென்ன? ஜோடியை இழந்த ஒற்றைத் தோடு, திருகாணி தொலைந்த கம்மல், அறுந்துபோன பாசிமணி மாலை, சலங்கை உதிர்ந்த கொலுசு, நிறம் மங்கிய கவரிங் சங்கிலி, கொக்கி முறிந்த ஜிமிக்கி. விற்கப் போனால் வாங்குவார் இல்லை. குப்பையில் போடவோ அம்மாவுக்கு மனம் வருவதில்லை. "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று சொல்லி மூடி வைத்துவிடுவார்கள். அந்த 'எதற்காவது' என்னும் நாள் பெரும்பாலும் வருவதே இல்லை.

அந்த நாள் வரவேண்டும் என்பதே எங்கள் கருத்து. அந்த டப்பா பள்ளிக்கு வரவேண்டும். கைவேலை வகுப்பில் திறக்கப்பட வேண்டும். அதிலுள்ள உதிரிகளைக் கொண்டு மாணவியர் தம் கையாலேயே ஓர் அழகுப் பூச்சியைச் செய்ய வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறோம். கடையில் பெட்டியோடு விற்கும் ஆயத்தக் கைவேலைப் பொருள்களுக்குப் பள்ளிக் கண்காட்சியில் இடம் கூடாது. கேட்பதற்கு இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றும். மணி கோப்பதற்குப் போய் ஒரு கட்டுரையா என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சிறிய செய்திக்குள் நேர்மையும் இருக்கிறது, நம் தோழியர் சிலருடைய கண்ணீரும் இருக்கிறது.

கண்காட்சி நாளில் பல பள்ளிகளில் காணும் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். நீண்ட மேசை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, விரிப்பின்மேல் வரிசையாக மணிகளால் ஆன மயில், கிளி, வண்ணத்துப்பூச்சி, பல்லி, முதலை. எல்லாம் மின்னுகின்றன. கூர்ந்து பார்த்தால் மூன்று மயில்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. ஒரே வகைப் பெட்டியில் எண்ணி அடைத்து வைத்த மணிகளைக் கொண்டு, உள்ளே இருந்த படத்தைப் பார்த்துச் செய்தவை அவை. சிலவற்றை மாணவி தொட்டதே இல்லை. இரவு பதினொரு மணிக்கு அம்மா உட்கார்ந்து முடித்தது ஒன்று. சித்தி செய்து அனுப்பியது ஒன்று. காசு கொடுத்துச் செய்வித்தது மற்றொன்று. அந்த மேசைக்குச் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மாணவி நிற்கிறாள். அவள் எதையும் கொண்டுவரவில்லை. செய்யத் தெரியாதவள் அல்லள். பெட்டி வாங்க வீட்டில் பணம் கேட்க மனம் வராதவள். அவளுடைய விரல்கள் வகுப்பிலேயே தேர்ந்த விரல்களாக இருக்கலாம். ஆனால் அதை யார் அறிவார்? பரிசு கிடைப்பது விரலுக்கா, பணப்பைக்கா?

இப்படிக் கேட்பதால் எந்தத் தாயையும் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். மகள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்ற அன்பினால்தான் அவர்கள் உறக்கம் விழித்துச் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பு மகளுக்கு ஒரு மயிலைக் கொடுத்துவிட்டு, அந்த மயிலைச் செய்யும் இன்பத்தையும் திறமையையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. "மிக அழகாக இருக்கிறதே, நீயே செய்தாயா?" என்று அருட்சகோதரி கேட்கும்போது மகள் என்ன சொல்வாள்? ஆம் என்றால் பொய். இல்லை என்றால் வெட்கம். பத்து வயதுக் குழந்தையை இந்த இக்கட்டில் நிறுத்துவது நியாயமா?

ஏன் தட்டான்?

எத்தனையோ உயிர்கள் இருக்க, முதற்பாடமாகத் தட்டானைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொன்வேலை செய்பவரையும் தமிழில் தட்டான் என்பர். குளக்கரையில் பறக்கும் பூச்சியையும் தட்டான் என்பர். நகைத் துண்டுகளால் செய்யும் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு ஏது?

பெயர் மட்டுமன்று, அதன் உடலமைப்பும் மணிவேலைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. நாம் வால் என்று சொல்லும் அதன் வயிற்றுப் பகுதி பத்துக் கணுக்களால் ஆனது; பத்து மணிகளைக் கோத்து நீட்டியதுபோலவே தோன்றும். தலையின் பெரும்பகுதி இரண்டு கண்கள்தாம். ஒவ்வொரு பெரிய கண்ணும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்தது. இறகு நான்கு, கால் ஆறு. இவ்வளவு தெளிவான கணக்கோடு கூடிய உயிரைக் கம்பியிலும் மணியிலும் செய்வது தொடக்கநிலை மாணவிக்கும் எளிது.

இன்னொரு காரணமும் எங்கள் மனத்தில் இருக்கிறது. தட்டானைப் பிடித்து, அதன் வாலில் நூலைக் கட்டி, சிறு கல்லைத் தூக்க வைத்து வேடிக்கை பார்ப்பது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். அது விளையாட்டன்று, வதை. தட்டான் நமக்கு என்ன தீங்கு செய்தது? பறக்கும்போது அது கொசுவைப் பிடித்துத் தின்கிறது. நீருக்குள் வாழும் அதன் இளம்பருவத்திலோ கொசுப்புழுக்களைத் தின்கிறது. நமக்கு நன்மை செய்யும் உயிரை நூலில் கட்டி வதைக்கிறோம். ஒரு தட்டானைத் தன் கையால் கணுக்கணுவாகச் செய்து பார்த்த பிள்ளை, உயிருள்ள தட்டானின் வாலில் நூல் கட்டத் துணியாது என்று நாங்கள் நம்புகிறோம்.

செய்வதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். படத்தை அன்று, பூச்சியை. மழைக்காலத்தில் பள்ளி மைதானத்துக்கு மேலேயே அவை கூட்டமாகப் பறக்கும். பார்த்தால்தான் தெரியும்: நான்கு இறகுகளும் ஆறு கால்களும் மார்பிலிருந்தே கிளம்புகின்றன, வாலிலிருந்து எதுவும் கிளம்புவதில்லை. பின்னிறகு முன்னிறகைவிட அகலமானது. அமரும்போது தட்டான் இறகுகளை விரித்தபடியே வைத்திருக்கும்; அதன் உறவினமான ஊசித்தட்டானோ பெரும்பாலும் இறகுகளை முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். நம் தலைக்கு மேல் பறக்கும் தட்டான்களில் ஒரு வகை, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா செல்கிறது என்னும் கருத்தைச் சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர் 2009ஆம் ஆண்டு வெளியிட்டார். நாம் கல் தூக்க வைக்கும் பூச்சி கடலைத் தாண்டுகிறது! இதை அறிந்தபின் அதன் இறகைச் செய்யும்போது நம் கை சற்று மரியாதையோடு வேலை செய்யுமன்றோ?

செய்யும் முறை

தேவையான கருவிகள் இரண்டே: ஒரு வெட்டுக் குறடு, நுனி மெல்லிய மூக்குக் குறடு ஒன்று. கம்பி 26 எண்ணுள்ள செம்போ பித்தளையோ போதும். அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடைகளில் துண்டாக மிஞ்சும் செம்புக் கம்பியே இதற்குப் போதுமானது. டப்பாவிலுள்ளவற்றைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, பழைய துணியொன்றை விரித்து அதன்மேல் கொட்டுங்கள். துணி இருந்தால் மணி உருண்டோடாது. பிறகு அளவு வாரியாகப் பிரித்து வையுங்கள்.

முதலில் வால். 70 சென்டிமீட்டர் கம்பியை நடுவில் மடித்து, ஒரு சிறிய மணியை அந்த மடிப்பில் நிறுத்த வேண்டும். பிறகு கம்பியின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து மேலும் ஒன்பது மணிகளைக் கோக்க வேண்டும். ஆகப் பத்து. இந்த மணிகள் 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வால் 4 சென்டிமீட்டர் நீளம் வரும். இரண்டு கம்பியும் ஒருசேர நுழையும் அளவுக்குத் துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு மணியையும் முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்துப் பின்னிறகு. கம்பியின் முனைகளை இடமும் வலமுமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 42 சிறிய பாசிமணிகளைக் கோத்து, வளைத்து அடிப்பகுதிக்குக் கொண்டுவந்து இரண்டு முறுக்கு முறுக்க வேண்டும். பாசிமணி 2 மில்லிமீட்டர் அளவுள்ளதானால் இறகு வாலின் நீளத்துக்கு ஏறத்தாழ ஒத்துவரும். பிறகு இரு முனைகளையும் சேர்த்து மார்புக்கென ஒரு பெரிய மணியில் நுழைக்க வேண்டும். அறுந்த மாலையின் நடுமணி இதற்குத் தக்கது. மறுபடி முனைகளைப் பிரித்து முன்னிறகுக்குப் பக்கத்துக்கு 38 மணி. கால்களுக்கு மூன்று துண்டுக் கம்பிகளை மார்பின் அடியில் குறுக்கே வைத்துச் சுற்றினால் இருபுறமும் மும்மூன்றாக ஆறு கால்கள் வந்துவிடும்.

கண்ணுக்குத்தான் கொலுசுச் சலங்கை. ஒவ்வொரு முனையிலும் ஒரு சலங்கையைக் கோத்து, இரண்டையும் நெருக்கி முறுக்கிவிட்டால் தட்டான் நம்மை விழித்துப் பார்க்கும். ஒற்றைத் தோட்டின் கல்லை நடுவே பொருத்தினால் நெற்றியும் ஆயிற்று. முறுக்கிய முனைகளை வெட்டி, மணியின் துளைக்குள் மடித்து மறைக்க வேண்டும். கையில் குத்துமாறு விடக் கூடாது. முறிந்த ஜிமிக்கியின் கொக்கியை மார்பில் மாட்டினால் சன்னலில் தொங்கவிடலாம். ஓர் ஊக்கைக் கோத்தால் புத்தகப் பையில் குத்திக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். கம்பியை வெட்டும்போது துண்டு முனை கண்ணில் தெறிக்காதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மணியையோ கம்பியையோ வாயில் கவ்வக் கூடாது. மலிவான போலி நகைகளில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருப்பதுண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தம்பி தங்கையர் மூக்கிலும் காதிலும் மணியைப் போட்டுக்கொள்ளும் வயதினராயின், அவர்கள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பொன்னும் வெள்ளியும் பள்ளிக்கு வேண்டா. கவரிங்கும் கண்ணாடியும் போதும். எதை எடுத்தாலும் அம்மாவைக் கேட்டே எடுக்க வேண்டும்.

இதில் நாம் கற்பது

42, 42, 38, 38. கூட்டினால் 160. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு மணிகள் குறைந்தால் தட்டான் அந்தப் பக்கம் நொண்டும். திரும்ப எண்ணித்தான் ஆக வேண்டும். கரும்பலகையில் செய்த கூட்டல் தவறானால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இங்கே தவறு கண்ணெதிரே சாய்ந்து நிற்கிறது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

கம்பியும் ஓர் ஆசிரியைதான். ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் அது முதலில் விறைப்பாகும், பின்பு பட்டென்று முறியும். உலோகம் வளைய வளையக் கடினமாகிறது என்னும் இயற்பியல் பாடத்தை விரல் நுனி ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காது. கம்பியின் எண் கூடக் கூடக் கனம் குறையும் என்பதையும், பாசிமணியிலும் அப்படியே 11ஆம் எண் மணி 8ஆம் எண் மணியைவிடச் சிறியது என்பதையும் கடையில் கேட்டு வாங்கும்போதே தெரிந்துகொள்கிறோம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. கடைப் பெட்டியில் 160 மணியும் ஒரே நிறத்தில் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். அங்கே சிந்திக்க எதுவும் இல்லை. வீட்டு டப்பாவில் பச்சை மணி 140தான் இருக்கிறது என்று வையுங்கள். மீதி 20க்கு எங்கே போவது? கறுப்பு மணி 20 கிடைக்கிறது. அதை எங்கே வைத்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாது? மாணவி மறுபடி மைதானத்துக்குப் போய்த் தட்டானைப் பார்க்கிறாள். உண்மைத் தட்டானின் ஒவ்வோர் இறகிலும் நுனியருகே கருமையான சிறு பொட்டு ஒன்று இருப்பதைக் காண்கிறாள். இறகுக்கு ஐந்தாக, நான்கு இறகுக்கும் இருபது கறுப்பு மணி! குறை தீர்ந்தது, பெட்டித் தட்டானைவிட அவளுடைய தட்டான் உண்மைக்கு நெருக்கமாகவும் ஆயிற்று. எல்லாம் கிடைத்திருந்தால் அவள் அந்தப் பொட்டைப் பார்த்தே இருக்கமாட்டாள். இந்த நன்மையை எந்தப் பெட்டியில் வைத்து விற்க முடியும்?

மணியும் நம் மண்ணும்

மணி கோத்தல் நமக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் தலைமையில் அகழாய்வு நடந்தது. கண்ணாடியிலும் கல்லிலும் மணிகள் செய்த பழைய துறைமுக ஊர் அது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுக்கிச் செய்யும் மணிகள் அங்கு உண்டாயின. அதே முறையில் மணி செய்யும் தொழில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் நடந்துவந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளிலும் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்தவை இன்னும் சிறப்பானவை. அங்கே பளிங்கு, சூதுபவளம் போன்ற கற்களில் செய்து முடித்த மணிகள் மட்டுமல்லாமல், பாதி தீட்டியவை, துளையிடாதவை என்று பல நிலைகளில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. முடித்த மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். முடிக்காத மணியன்றோ இங்கேதான் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி! கண்காட்சி மேசைக்கும் இது பொருந்தும் அல்லவா? குறையே இல்லாத மயில் எந்தக் கடையிலிருந்தும் வந்திருக்கலாம். ஓர் இறகு சற்றுக் கோணிய தட்டான் மாணவியின் கையிலிருந்துதான் வந்திருக்கும்.

நம் கையிலுள்ள ஜெபமாலையையும் பாருங்கள். 53 சிறு மணிகளும் 6 பெரிய மணிகளும் கொண்ட அந்த மாலை கம்பியில் கட்டியதாயின், ஒவ்வொரு மணிக்கும் இருபுறமும் சிறு வளையம் இருக்கும். தட்டானுக்கு நாம் கம்பியை வளைக்கும் வேலையும் அந்த வேலையும் உடன்பிறப்புகள். மணியைக் குறிக்கும் 'பீட்' என்னும் ஆங்கிலச் சொல்லே, பழைய ஆங்கிலத்தில் ஜெபத்தைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததுதான். எண்ணி எண்ணி விரலால் நகர்த்தும் வேலை மனத்தை ஒருமைப்படுத்தும் என்பதை அருட்சகோதரியருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். பேருந்து நிலையங்களிலும் திருவிழாக் கூட்டங்களிலும் தரையில் அமர்ந்து பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவர் சமூகத்துப் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட மக்கள் அவர்கள். மடியில் குழந்தை, வாயில் பேச்சு, விரல்களோ ஒரு மணி பிசகாமல் கோத்துக்கொண்டே இருக்கும். நாம் அவர்களிடம் ஐந்து ரூபாய்க்கு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறோம். ஒரு தட்டானுக்கு 160 மணியை எண்ணிக் கோத்துக் கழுத்து வலித்த மாணவி இனி அந்தப் பேரத்தைப் பேசுவாளா? அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, உரிய ஊதியமும் நாற்காலியும் தந்து, ஒரு நாள் கற்றுத்தரச் சொன்னால் என்ன என்றுகூட எங்களுக்குத் தோன்றுகிறது.

சில மறுப்புகள்

"பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இது தேவையா? நேரம் வீண்" என்று பெற்றோர் சிலர் கூறலாம். ஒரு தட்டானுக்கு ஆறு கைவேலை வகுப்புகள் போதும். கைவேலை வகுப்பைக் கணக்கு வகுப்பாக மாற்றிக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அந்த வகுப்பை அதன் உரிமையாளரிடம் திருப்பித் தாருங்கள் என்றே கேட்கிறோம். 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலையே கல்வியின் மையமாக வைக்கச் சொன்னார். மையத்தில் வைக்காவிட்டாலும் போகட்டும்; அட்டவணையில் எழுதியுள்ள ஒரு வகுப்பையாவது விட்டுவைக்கலாமே!

"மணி கோப்பதும் பூப் பின்னுவதும் பெண்களை அடுக்களையிலேயே நிறுத்தும் வேலைகள், இக்காலத்துக்கு ஏற்றவையல்ல" என்பது மற்றொரு மறுப்பு. இம்மறுப்பை நாங்கள் மதிக்கிறோம். 'உனக்கு இது போதும்' என்று சொல்லி மணியைக் கொடுத்தால் அது தவறுதான். ஆனால் குறடு பிடித்து, அளந்து, வெட்டி, எடை சமன் பார்த்து, கெட்டால் பிரித்து மறுபடி கட்டும் வேலையில் அடுக்களை எங்கே இருக்கிறது? குற்றம் மணியில் இல்லை. அதை ஆண்பிள்ளைகளுக்குக் கொடுக்காததில்தான் இருக்கிறது. அண்ணன் தம்பியரும் உட்கார்ந்து ஓர் இறகு கட்டிப் பார்க்கட்டுமே!

"செய்து முடித்தபின் அதனால் என்ன பயன்? வெறும் அலங்காரம்தானே?" என்பாரும் உண்டு. உண்மை, தட்டான் சோறு போடாது. ஆயினும் வீட்டில் எறியவும் முடியாமல் அணியவும் முடியாமல் கிடந்தவை ஒரு வடிவம் பெற்று எல்லோரும் பார்க்கச் சன்னலில் தொங்குவது சிறிய பயனா? மக்காத பிளாஸ்டிக் மணிகள் வாய்க்காலுக்குப் போகாமல் நின்றதும் ஒரு பயனே. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீயே செய்தாயா?" என்ற கேள்விக்குத் தலை நிமிர்ந்து "ஆம்" என்று சொல்லும் ஒரு பெண் நமக்குக் கிடைக்கிறாள்.

எங்கள் வேண்டுகோள்

அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கென அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் பணிவுடன் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, கைவேலைக்கான பொருள்கள் யாவும் வீட்டு டப்பாவிலிருந்தே வரட்டும். வந்ததும் வகுப்பின் நடுவே ஒரே தாம்பாளத்தில் கொட்டப்படட்டும். யார் எதைக் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுவரவில்லை என்ற கணக்கு அங்கே அழிந்துபோகும். வெறுங்கையோடு வந்தவளும் தாம்பாளத்திலிருந்து எல்லோரையும்போல எடுத்துக்கொள்வாள். அம்மா விடக் கூடாதென்று நினைக்கும் நினைவுப்பொருள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, வேலை முழுவதும் பள்ளியிலேயே நடக்கட்டும். குறடும் கம்பியும் பள்ளியிலேயே பூட்டி வைக்கப்படட்டும். பெற்றோர் தம் அன்பைக் காட்ட விரும்பினால் ஒரு சனிக்கிழமை வந்து மகளின் அருகில் அமர்ந்து தமக்கெனத் தனியே ஒரு தட்டான் செய்யட்டும். மகளுடையதைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, கோணலானதும் பாதியில் நின்றதும் மேசைக்கு வரட்டும். தட்டானைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தையும் பார்க்க நடுவர்களுக்கு அனுமதி இருக்கட்டும்; முறுக்கு எப்படி விழுந்திருக்கிறது என்பதை அங்கேதான் காணலாம். பளபளப்புக்குப் பரிசு தராமல், செய்தவளை நான்கு கேள்வி கேட்டுப் பரிசு தரட்டும்.

நான்காவது, ஒவ்வொரு தட்டானுக்கும் அருகே, விலைச்சீட்டு வைப்பதுபோல, ஒரு சிறு சீட்டு இருக்கட்டும். அதில் மாணவியின் பெயருக்குக் கீழே இப்படி எழுதியிருந்தால் போதும்:

வால்: அறுந்த மாலையின் 10 மணி. இறகு: பச்சை 140, கறுப்பு 20. கண்: கொலுசுச் சலங்கை இரண்டு. கம்பி: மோட்டார் கடையில் மிஞ்சியது. எடுத்துக்கொண்ட நேரம்: 6 வகுப்பு. பிரித்துக் கட்டியது: 3 முறை.